லோ கார்ப் பாஸ்தா: வாங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் கேக்கற கேள்விகள்

லோ கார்ப் பாஸ்தான்னு, அதாவது கார்போஹைட்ரேட் கம்மியான பாஸ்தான்னு, ஒரே பேர்ல விக்கறதெல்லாம் ஒரே சாமான் இல்லங்க. ஒண்ணு கொண்டைக்கடலை மாவு, ஒண்ணு கிழங்கு மாவுல பண்ண வழுக்கற நூடுல்ஸ், இன்னொண்ணு வெறும் காயை நீளமா சீவி வெச்சது, அப்புறம் அச்சு அசல் சாதா பாஸ்தா மாதிரியே இருந்துட்டு கார்ப் மட்டும் ரொம்ப கம்மின்னு சொல்றது. இதுல ஒண்ணுக்கு சொன்ன பதில் இன்னொண்ணுக்கு செல்லாது, அதனாலதான் ஆளாளுக்கு ஒண்ணு சொல்லி குழப்பமாகுது. திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை கீழ போட்டிருக்கேன், உங்களுக்கு வேணுங்கறதுக்கு நேரா போய்க்கலாம்.

சாதா பாஸ்தால அப்படி எவ்ளோதான் கார்ப் இருக்கு?

வேக வைக்காத காய்ஞ்ச பாஸ்தா 100 கிராம் எடுத்தா சுமார் 75 கிராம் கார்ப், 13 கிராம் புரோட்டீன், 3 கிராம் நார்ச்சத்து (ஃபைபர்), 370 கலோரி. பாக்கெட்ல ஒரு சர்விங்னு போடறது அமெரிக்க வழக்கப்படி 56 கிராம், அதுல 42 கிராம் கார்ப், 200 கலோரி. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா 56 கிராம் ஸ்பகெட்டிய எடை போட்டு கையில பிடிச்சு பாருங்க, 2 சென்டிமீட்டருக்கு கொஞ்சம் மேல விட்டம் இருக்கற ஒரு சின்ன கட்டு, அவ்ளோதான். அதோட யாரு நிறுத்தறாங்க? பசிக்கு போடறது 100லேர்ந்து 150 கிராம் வரைக்கும் போயிடும், அப்போ ஒரே தட்டுல 75லேர்ந்து 112 கிராம் கார்ப் வந்துடுது.

இன்னொண்ணு, பாஸ்தா வேகும்போது தண்ணிய இழுத்து எடை ரெண்டு மடங்குக்கு மேல ஏறிடும், அதனால வெந்தது 100 கிராம்னா கார்ப் 30 சொச்சம்தான். ஆப்ல கணக்கு எழுதறவங்க வெந்த பாஸ்தான்னு செலக்ட் பண்ணிட்டு காய்ஞ்ச எடைய டைப் பண்ணிடறாங்க, அப்போ உண்மைல பாதிகூட காட்டாது, வெயிட் ஏன் குறையலன்னு அப்புறம் தலைய பிச்சுக்க வேண்டியதுதான்.

அப்போ சாதா பாஸ்தா கெட்டதா?

கெட்டதுன்னு சொல்ல மாட்டேன். டியூரம்ங்கற கெட்டியான கோதுமை ரவைய பிசைஞ்சு அழுத்தி செய்யறதால அதுல இருக்கற க்ளூட்டன்ங்கற கோதுமை புரோட்டீன் ஸ்டார்ச்சை சுத்தி வலை மாதிரி பிடிச்சு வெச்சிருக்கும், அதனால ஜீரணம் மெதுவா நடக்கும். ஒரு சாப்பாடு ரத்த சர்க்கரைய எவ்ளோ ஏத்துதுன்னு காட்டற கிளைசீமிக் இண்டெக்ஸ் பாத்தா ஸ்பகெட்டி 50 பக்கம், வெள்ளை பிரெட் 70க்கு மேல. அதே பாஸ்தாவ கொழகொழன்னு வேக விட்டா இந்த நம்பரும் ஏறும், அதனால உள்ள லேசா கடிபடற பதத்துல எறக்கறது ருசிக்கு மட்டும் சொல்றது இல்ல. பாஸ்தால பிரச்சனை பண்றது பெரும்பாலும் அளவும், மேல ஊத்தற சாஸும்தான்.

லோ கார்ப்னு பாக்கெட்ல போட ஏதாவது வரைமுறை இருக்கா?

அமெரிக்கால உணவு, மருந்தை கண்காணிக்கற அரசு அமைப்பான எஃப்டிஏ லோ கார்ப்ங்கறதுக்கு எத்தனை கிராம்னு வரையறை எதுவும் வெக்கல, ஃபைபர கழிச்சு சொல்ற நெட் கார்ப்ங்கறதுக்கும் வெக்கல. ஐரோப்பிய யூனியன்ல எந்தெந்த சத்து வாசகத்தை பாக்கெட்ல போடலாம்னு ஒரு லிஸ்ட் இருக்கு, கொழுப்பு கம்மி, சர்க்கரை கம்மி எல்லாம் அதுல இருக்கு, கார்ப் கம்மிங்கறது அதுல கிடையாது. அதனால முன்பக்கத்துல பெருசா எழுதியிருக்கறதை வெச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க. பாக்கெட்ட திருப்பி பாத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்க: கார்ப்ப எடுத்தாங்க சரி, அந்த இடத்துல என்னத்த வெச்சிருக்காங்க? தண்ணியா, புரோட்டீனா, இல்ல ஜீரணமாகாத ஸ்டார்ச்சும் ஃபைபருமா? இந்த மூணுல எதுன்னு தெரிஞ்சாலே கலோரி, வயிறு, சுகர், டேஸ்ட் எல்லாத்துக்கும் பாதி பதில் கெடச்ச மாதிரி.

தண்ணி வகைன்னா எது?

கொன்யாக்னு ஒரு கிழங்கு, அதோட மாவுல செய்யற ஷிராட்டாகி நூடுல்ஸ்தான் இதுல முதல் ஆள். சுமார் 97 சதவீதம் தண்ணி, மிச்சம் குளுக்கோமன்னன்ங்கற ஃபைபர், 100 கிராமுக்கு 10 கலோரி அளவுதான் வரும். அடுத்தது வெள்ளரிக்கா மாதிரி இருக்கற சுக்கினிங்கற காய நூடுல்ஸ் மாதிரி சீவறது, 100 கிராமுக்கு 17 கலோரி, 3 கிராம் கார்ப். அப்புறம் பாம் மரத்தோட உள்குருத்துல செய்யறது, இது டின்லயோ பவுச்லயோ வரும், பிராண்டுக்கு தகுந்த மாதிரி 100 கிராமுக்கு 4 கிராம் கார்ப் சுத்தி இருக்கும்.

கார்ப் கணக்குல இந்த மூணையும் அடிச்சுக்க முடியாது. ஆனா சொல்லிடறேன், இது பாஸ்தா மாதிரி இருக்கும்னு நெனச்சு வாய வெச்சா ஏமாந்துடுவீங்க. வேற ஒரு சாப்பாடுன்னு நெனச்சு சாப்ட்டா பிடிக்கும். இன்னொண்ணு புரோட்டீன் ஏறக்குறைய சுத்தமா கிடையாது, அதனால மேல முட்டை, சிக்கன், மீன், பன்னீர், டோஃபுன்னு ஏதாவது போடலேன்னா ரெண்டு மணி நேரத்துல ஃப்ரிட்ஜ் கதவ திறந்துட்டு நிப்பீங்க.

ஷிராட்டாகி பாக்கெட்ட திறந்தா மீன் நாத்தம் அடிக்குதே, கெட்டுப் போச்சா?

கெட்டுப் போகல. கொன்யாக் மாவு இறுகறதுக்கு சுண்ணாம்பு நீர் மாதிரி காரத்தன்மை (ஆல்கலி) உள்ள ஒண்ண சேக்கறாங்க, நூடுல்ஸ் மூழ்கியிருக்கற அந்த தண்ணிதான் நாறுது. மொத ஆளா அந்த தண்ணிய கொட்டிட்டு, சல்லடைல போட்டு ஓடற தண்ணில ரெண்டு மூணு நிமிஷம் நல்லா அலசுங்க. அப்புறம் கொதிக்கற தண்ணில ரெண்டு மூணு நிமிஷம் போட்டு எடுத்து வடிச்சு, எண்ணெய் எதுவும் விடாம காஞ்ச வாணலில போட்டு மிதமான தீயில பொரட்டிட்டே இருங்க. மொதல்ல நீராவி பொங்கும், அது அடங்கினதும் நூடுல்ஸ் வாணலில உரசி கீச்சு கீச்சுன்னு சத்தம் போடும் பாருங்க, அதுதான் பதம். பெரும்பாலானவங்க இந்த வறுக்கற ஸ்டெப்ப சோம்பேறித்தனத்துல விட்டுட்டு ரப்பர் மாதிரி இருக்குன்னு ரிவ்யூ போடறாங்க. ஈரம் போகலேன்னா சாஸும் ஒட்டாது, தட்டு அடில தனியா தண்ணியா நிக்கும்.

இதுக்கு க்ரீம் சாஸைவிட சோயா சாஸ், பூண்டு, மிளகாய், எள் எண்ணெய் மாதிரி தூக்கலான சமாச்சாரம்தான் செட் ஆகும். அதுக்குன்னு சொந்த டேஸ்ட்டே கிடையாது.

கொன்யாக் தொண்டைல அடைக்கும்னு சொல்றாங்களே?

அந்த பயம் வந்ததுக்கு காரணம் கொன்யாக் போட்ட சின்ன கப் ஜெல்லி மிட்டாய். உறிஞ்சி அப்படியே முழுங்கும்போது தொண்டைல சிக்கினதால ஐரோப்பிய யூனியன் அதை தடை பண்ணிச்சு. குளுக்கோமன்னன் மாத்திரை, பவுடர் சாப்பிடும்போதும் நிறைய தண்ணி குடிக்கணும், இல்லேன்னா வழிலயே ஊதிடும். நூடுல்ஸ் ஏற்கனவே தண்ணி குடிச்சு ஊதினதுதான், அதனால மென்னு சாப்ட்டா பயமில்ல. முழுங்கறதுல சிரமம் இருக்கற வயசானவங்களுக்கும் சின்ன குழந்தைங்களுக்கும் மட்டும் குடுக்காம இருக்கறது நல்லது, குடுத்தே ஆகணும்னா பொடிப்பொடியா நறுக்கிடுங்க. மாத்திரை மருந்து எடுக்கறவங்க இதோட சேத்து போடாம கொஞ்சம் இடைவெளி விடுங்க, ஃபைபர் மருந்த உறிஞ்ச விடாம பண்ணலாம்.

நல்ல பக்கமும் இருக்கு. ஐரோப்பிய உணவு பாதுகாப்பு அமைப்பு குளுக்கோமன்னன் ஒரு நாளைக்கு 4 கிராம் எடுத்தா கொலஸ்ட்ரால் நார்மலா இருக்க உதவும்னு ஏத்துக்கிட்டாங்க.

கொண்டைக்கடலை பாஸ்தா, மைசூர் பருப்பு பாஸ்தா எல்லாம் லோ கார்ப்தானே?

இல்லங்க. இதுதான் அதிகமா நடக்கற குழப்பம். 56 கிராம் கொண்டைக்கடலை பாஸ்தால சுமார் 32லேர்ந்து 35 கிராம் கார்ப் இருக்கு, சாதா பாஸ்தாவோட 42 கூட ஒப்பிட்டா கொஞ்சம் கம்மி, அவ்ளோதான். கலோரியும் ஏறக்குறைய அதேதான், 190 கிட்ட வரும். ஆனா புரோட்டீன் 7லேர்ந்து 11, 14னு ஏறுது, ஃபைபர் ரெண்டு மூணு மடங்கு ஆகுது, வயிறு நெறஞ்ச மாதிரி ரொம்ப நேரம் இருக்கும். அதனால நல்ல பாஸ்தாதான், லோ கார்ப் பாஸ்தா இல்ல.

பீன்ஸ் குடும்பத்துல நெஜமாவே கார்ப் கொறஞ்சது சோயா, எடமாமே (பச்சை சோயா) பாஸ்தா. 56 கிராமுக்கு 24 கிராம் கிட்ட புரோட்டீன், 20 கிராமுக்குள்ள கார்ப், அதுல பாதிக்கு மேல ஃபைபர். என்கிட்ட கேட்டா தினமும் சாப்பிடற மாதிரி ஒண்ணு சொல்லுன்னா இதைத்தான் சொல்வேன். ஒரு பச்சை வாசனை வரும், துளசியோ பெஸ்டோவோ காரமான தக்காளி சாஸோ போட்டா தெரியாது.

சமைக்கும்போது கடலை பாஸ்தா பொங்கி வழியும், பெரிய பாத்திரமா எடுங்க. பாக்கெட்ல சொன்ன நேரத்துக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே ஒண்ண எடுத்து கடிச்சு பாக்க ஆரம்பிங்க, இது நல்லா இருக்கறதுக்கும் கூழாகறதுக்கும் நடுவுல ஒரு நிமிஷம்தான் கேப். வடிச்ச உடனே தண்ணில ஒரு அலசு அலசி, சாப்பிடற நேரத்துல சாஸ் சேருங்க, சாஸ்லயே ஊற விட்டா உடைஞ்சிடும்.

அச்சு அசல் சாதா பாஸ்தா மாதிரியே இருக்கு, கார்ப் 5 கிராம்தான்னு போட்டிருக்கு, நம்பலாமா?

இதுக்கு ஒரு கதை இருக்கு. அமெரிக்கால டிரீம்ஃபீல்ட்ஸ்னு ஒரு பாஸ்தா, ஒரு சர்விங்ல ஜீரணமாகற கார்ப் 5 கிராம்தான், மிச்சத்தை நாங்க ஒரு டெக்னிக்கால உடம்பு எடுத்துக்காம பாதுகாத்து வெச்சிருக்கோம், கிளைசீமிக் இண்டெக்ஸ் 65 சதவீதம் கம்மின்னு போட்டு வித்தாங்க. சுகர் இருக்கறவங்க, கார்ப்ப ரொம்ப கொறச்சு கீட்டோ டயட் பண்றவங்க எல்லாம் விழுந்து விழுந்து வாங்கினாங்க. 2011ல டயபடிஸ் கேர்ங்கற மெடிக்கல் ஜர்னல்ல ஒரு ஆய்வு வந்துது, சுகர் இல்லாதவங்களுக்கு ஒரு நாள் இந்த பாஸ்தாவும் இன்னொரு நாள் சாதா பாஸ்தாவும் குடுத்து ரத்த சர்க்கரைய அளந்தா ரெண்டும் ஒரே மாதிரி ஏறி ஒரே மாதிரி எறங்குது. அப்புறம் வழக்கு போட்டு 2014ல 79 லட்சம் டாலர் செட்டில்மென்ட்ல முடிஞ்சுது, அந்த வாசகத்தை எடுக்கவும் கம்பெனி ஒத்துக்கிச்சு.

இப்போ வர்றதெல்லாம் அதே மாதிரி ஏமாத்துன்னு சொல்ல முடியாது, இப்போ உள்ள போடற சாமானே வேற. கோதுமை க்ளூட்டன், லூபின்ங்கற ஒரு பயறோட மாவு, ஓட்ஸ் ஃபைபர், மாத்தி அமைச்ச கோதுமை ஸ்டார்ச்னு வரும். இந்த கடைசி ஐட்டத்துல ஜீரணத்துக்கு தாக்குப் பிடிக்கற ஒரு வகைய 2019ல எஃப்டிஏவே ஃபைபர்னு ஏத்துக்கிச்சு. ஆனாலும் ஸ்டார்ச்ச எந்த அளவுக்கு மாத்தியிருக்காங்க, உங்க குடல் அதை எந்த அளவுக்கு உடைக்குதுங்கறது பாக்கெட்ல தெரியாது. வீட்ல குளுக்கோமீட்டர் இருந்தா நீங்களே பாத்துக்கலாம். சாப்பிடறதுக்கு முன்னாடி ஒண்ணு, அப்புறம் 1 மணி, 2 மணி, முடிஞ்சா 3 மணி நேரத்துலயும் ஒண்ணு, வேற ஒரு நாள் அதே அளவு சாதா பாஸ்தா அதே சாஸோட. 3 மணி எதுக்குன்னா க்ளூட்டனும் கொழுப்பும் அதிகம் இருந்தா சர்க்கரை லேட்டாத்தான் ஏறும், 2 மணியோட நிறுத்தினா ஆஹா ஏறவே இல்லன்னு தோணிடும்.

நெட் கார்ப் எப்படி கணக்கு போடறது?

மொத்த கார்ப்லேர்ந்து ஃபைபர கழிக்கணும், அவ்ளோதான் ஃபார்முலா. ஆனா எந்த ஊர் லேபிள்னு பாக்கணும். அமெரிக்க லேபிள்ல மொத்த கார்ப்ங்கற நம்பருக்குள்ளயே ஃபைபரும் அடக்கம், அதனால கழிக்கலாம். ஐரோப்பிய லேபிள்ல கார்ப்னு போட்டிருக்கறதே ஃபைபர் போக மிச்சம், ஃபைபர் தனி வரில இருக்கும், அதை மறுபடி கழிச்சா ரெண்டு தடவ கழிச்ச மாதிரி. கார்ப் 18, ஃபைபர் 22ன்னு இருக்கு, கழிச்சா மைனஸ் 4 வருதுன்னு சந்தோஷப்பட்டா அது ஐரோப்பிய லேபிள்னு அர்த்தம், உங்க நெட் கார்ப் 18தான். இறக்குமதி பாக்கெட் வாங்கறவங்க இதுல அடிக்கடி மாட்டிக்கறாங்க.

முழு கோதுமை பாஸ்தா, க்ளூட்டன் ஃப்ரீ பாஸ்தா?

முழு கோதுமைல ஃபைபர் கூட, கார்ப் 40 கிராம் பக்கம், ரெண்டு மூணு கிராம்தான் வித்தியாசம். க்ளூட்டன் ஃப்ரீ பெரும்பாலும் அரிசி, மக்காச்சோளம், கார்ப் அதே அளவு இல்லேன்னா கூடவே இருக்கும். அது க்ளூட்டன் குடலுக்கு ஒத்துக்காத சீலியாக் நோய் உள்ளவங்களுக்கான விஷயம், வெயிட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

சுகர் இருக்கறவங்க தாராளமா சாப்பிடலாமா?

சாப்பிடலாம், தாராளமாங்கற வார்த்தைதான் இடிக்குது. இன்சுலினோ, கணையத்தை தூண்டி சுரக்க வெக்கற சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுக்கறவங்க திடீர்னு 80 கிராம் கார்ப் தட்ட 5 கிராம் தட்டா மாத்திட்டு மருந்த மட்டும் அதே டோஸ் போட்டா சர்க்கரை ரொம்ப எறங்கி மயக்கம் வரைக்கும் போகலாம். அதனால மாத்தறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. சிறுநீர் வழியா சர்க்கரைய வெளியேத்தற எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரை எடுக்கறவங்க ரொம்ப கார்ப் கொறச்ச டயட்ல போறதும் ஆபத்து, சர்க்கரை நார்மலா காட்டும்போதே ரத்தத்துல அமிலம் ஏறற கீட்டோஅசிடோசிஸ் வரலாம். கிட்னி பிரச்சனை இருந்தா புரோட்டீன் ஏத்தின பாஸ்தா வேண்டாம், டாக்டர் சொன்ன அளவுக்குள்ள இருங்க.

இன்சுலின் டோஸ் கணக்கு போடறவங்க நெட் கார்ப்ப வெச்சு போடாதீங்க, மொத்த கார்ப்ப வெச்சு போடறதைத்தான் அமெரிக்க டயபடிஸ் சங்கமும் சொல்லுது.

வெயிட் குறையுமா?

கலோரி குறைஞ்சா குறையும். ஷிராட்டாகி, சுக்கினி பக்கம் போனா ஒரு தட்டுக்கு 300, 400 கலோரி மிச்சம் ஆகும், நெஜமான மிச்சம். கடலை பாஸ்தால கலோரி மிச்சம் கிடையாது, பசி தாங்கறதுலதான் லாபம். அதே நேரம் லோ கார்ப்தானேன்னு 100 மில்லி கெட்டி க்ரீம் ஊத்தினா அங்கயே 340 கலோரி, மேல சீஸ் வேற. மிச்சம் பிடிச்சது எல்லாம் போச்சு. பாட்டில் தக்காளி சாஸ்ல பாத்தீங்கன்னா அரை கப்புக்கு 5லேர்ந்து 10 கிராம் சர்க்கரை இருக்கும், கொஞ்சம் தக்காளிலேர்ந்தே வர்றது, மிச்சம் கம்பெனி போட்டது, சேர்மான லிஸ்ட்ல சர்க்கரைன்னு பேர் இருக்கான்னு மட்டும் பாருங்க.

வயிறு உப்பிக்குது, கேஸ் பிடிக்குது, ஏன்?

ஃபைபர் திடீர்னு ஏறினா அப்படித்தான். உலக சுகாதார அமைப்பு பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு குறைஞ்சது 25 கிராம் ஃபைபர் சொல்லுது, சில லோ கார்ப் பாஸ்தா ஒரே தட்டுல அதை முடிச்சிடும். மொதல்ல பாதி அளவு, இல்ல சாதா பாஸ்தாவோட பாதிக்கு பாதி கலந்து ஆரம்பிங்க, தண்ணி நெறைய குடிங்க. சேர்மானத்துல இன்யூலின்னு (இதுவும் ஒரு ஃபைபர்தான்) இருந்தா கேஸ் கொஞ்சம் தூக்கலாவே இருக்கும். ஐபிஎஸ்ங்கற குடல் எரிச்சல் கோளாறு இருக்கறவங்களுக்கு கடலையும் இன்யூலினும் ஒத்துக்காம போக வாய்ப்பு அதிகம், சுக்கினிய அளவா சாப்ட்டா பிரச்சனை கம்மி.

அலர்ஜி ஏதாவது?

லூபின்னு பேர் பாத்தா நிலக்கடலை அலர்ஜி உள்ளவங்க தொடாதீங்க, ரெண்டும் ஒரே குடும்பம், ஒண்ணுக்கு அலர்ஜி இருந்தா இன்னொண்ணுக்கும் வரலாம். க்ளூட்டன் ஏத்தின பாஸ்தா சீலியாக் உள்ளவங்களுக்கு சாதா பாஸ்தாவைவிட மோசம்.

வீட்லயே செய்ய முடியுமா?

முடியும். கார்ப் கம்மியா வேணும்னா மோசரெல்லா முறை இருக்கு. துருவின மோசரெல்லா 110 கிராம் அளவு எடுத்து மைக்ரோவேவ்ல உருக்கி, ஒரு நிமிஷம் சூடு தணிய விட்டு ஒரு முட்டை மஞ்சக்கருவ போட்டு வேகமா கலந்துடுங்க, ரொம்ப சூடா இருக்கும்போது போட்டா முட்டை வெந்து திரிஞ்சிடும். பட்டர் பேப்பர் ரெண்டுக்கு நடுவுல வெச்சு மெல்லிசா தேய்ச்சு, ரிப்பனா கத்தியால வெட்டி, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்ல வெச்சிடுங்க. மறுநாள் கொதிக்கற தண்ணில 40 செகண்ட், ஒரு நிமிஷத்துக்கு மேல போனா மறுபடி சீஸா உருகிடும். கார்ப் 3, 4 கிராம்தான், ஆனா கலோரி 350க்கு மேல, உப்பும் கூட. கீட்டோல இருக்கறவங்களுக்கு ஓகே, வெயிட்டுக்காக பண்றவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

சுக்கினிதான் சுலபம். சீவி உப்பு தூவி 15 நிமிஷம் வெச்சு, துணில பிழிஞ்சு, சூடான வாணலில ஒண்ணு ரெண்டு நிமிஷம் பொரட்டினா போதும். மூடி போட்டீங்கன்னா தண்ணி விட்டு சூப்பாயிடும்.

சாதா பாஸ்தாவ வேக வெச்சு ஆற விட்டு மறுபடி சூடு பண்ணா கார்ப் குறையும்னு வீடியோல சொல்றாங்களே?

கொஞ்சம் உண்மை இருக்கு. ஃப்ரிட்ஜ்ல ஆறும்போது ஸ்டார்ச்ல ஒரு பங்கு இறுகி ஜீரணத்துக்கு தாக்குப் பிடிக்கற மாதிரி மாறும், சூடு பண்ணாலும் அதுல பெரும்பகுதி அப்படியே நிக்கும். அதனால சுகர் ஏறறது ஓரளவு தணியலாம். ஆனா 75 கிராம் கார்ப்ல கொஞ்சம்தான் குறையும், அதை நம்பி ரெண்டாவது தட்டு போட்டுக்காதீங்க.

மீந்ததை ஃப்ரீசர்ல வெக்கலாமா?

ஷிராட்டாகி கண்டிப்பா வேண்டாம், உறைஞ்சு உருகினதும் உள்ள இருக்கற தண்ணி பிரிஞ்சு நூல் கயிறு மாதிரி ஆயிடும், மெல்லவே முடியாது. சுக்கினி சொதசொதன்னு போயிடும். கடலை, சோயா பாஸ்தாவ சாஸ் கலக்காம லேசா எண்ணெய் தடவி ஃப்ரிட்ஜ்ல ரெண்டு நாள் வெக்கலாம், எடுக்கும்போது கல்லு மாதிரி இருந்தா பதறாதீங்க, ஒரு ஸ்பூன் தண்ணி தெளிச்சு மூடி போட்டு சூடு பண்ணா பழைய பதத்துக்கு வந்துடும்.